எந்த நீரில் விடுவது?

கொல்லாமை என்பது ஓருயிரைக் கொல்லாது விடுவதோடு நிறைவுறுமா? அவ்வுயிரை எங்கே விடுகிறோம் என்பதும் அவ்வறத்துள் அடங்குமா? எழுபது வயதைக் கடந்த எனக்கு இவ்வினாவை எழுப்பியவன் ஆறாம் வகுப்பில் பயிலும் ஒரு சிறுவன்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்துப் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கு அண்மையில் மகனுடன் வசித்து வருகிறேன். இருங்காட்டுக்கோட்டை முதல் ஓரகடம் வரை ஆலைகள் பெருகிய பின், இப்பகுதிக்கு வந்து குடியேறுவோரும் மாற்றலாகிச் செல்வோரும் மிகுதி. எதிர்வீட்டார் புனே நகருக்குப் புறப்படும் வேளையில், அவ்வீட்டுச் சிறுவன் ஒரு வாளியுடன் வந்தான். சிவந்த கொடுக்குகளோடு, சிங்கி இறாலை ஒத்த ஓருயிர் அதில் அசைந்துகொண்டிருந்தது. கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கியதாம்.

"பாட்டி, இதை ஏரியில் விட்டுவிடலாம் என்று அப்பா சொன்னார். கொல்லாமல் விட்டால் புண்ணியந்தானே?" என்றான்.

"ஆம்" என்று சொல்ல நா எழுந்தது. ஆசிரியப் பணியில் இருந்தபோது, ஒரு மகாவீரர் ஜெயந்தியன்று வகுப்பறைத் தொட்டியில் இருந்த வண்ணமீன்களை மாணவரைக் கொண்டு ஊர்க்குளத்தில் விடச் செய்து, ஜீவகாருண்யம் பற்றி அரைமணி நேரம் பேசியவள் நான். அம்மீன்கள் எந்நாட்டவை என்று அன்று நான் கேட்கவில்லை. பின்னாளில் படித்தறிந்தவையே இம்முறை என் நாவைத் தடுத்தன.

அவ்வாளியில் இருந்தது கிரேஃபிஷ் எனப்படும் நன்னீர்ச் சிங்கி இறால். அவ்வினத்துள் எதுவும் இந்திய மண்ணுக்கு உரியதன்று. செங்கொடுக்குடைய இவ்வகை அமெரிக்காவின் தென்பகுதிச் சதுப்பு நிலங்களைச் சேர்ந்தது. இது நீர்ச்செடிகள், நத்தைகள், தலைப்பிரட்டைகள், மீன்முட்டைகள் ஆகிய அனைத்தையும் உண்ணும். கரைகளில் வளை தோண்டும். நீர் வற்றினால் அவ்வளைக்குள் தங்கியிருக்கும். நிலத்தின்மேல் நடந்து வேறு நீர்நிலைக்கும் செல்லும். 1970களில் கென்யாவின் நைவாசா ஏரியிலும் ஸ்பெயின் நாட்டிலும் மனிதரால் விடப்பட்டுப் பெருகியது. நைவாசாவில் நீர்த்தாவரங்கள் பெரிதும் குறைந்தன. ஸ்பெயினில் நெல்வயல் வரப்புகள் துளைபட்டன. அமெரிக்க இனங்கள் தம்மோடு கொண்டு சென்ற ஒரு நோய், ஐரோப்பாவுக்கே உரிய கிரேஃபிஷ்களைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தது.

இதனினும் வியப்புக்குரியது பளிங்குக் கிரேஃபிஷ். 1990களில் ஜெர்மனியின் மீன்தொட்டிகளில் முதன்முதலாகக் காணப்பட்ட இவ்வினத்தில் ஆணே இல்லை. பெண் தானே முட்டையிட்டுத் தன்னைப் போன்ற பெண்களையே ஈனும். மடகாஸ்கர் தீவின் வயல்களிலும் இது பரவியுள்ளது. ஜெர்மனியில் உள்ளவையும் மடகாஸ்கரில் உள்ளவையும் ஒரு தாயின் வழி வந்த படிகளே என்பதை 2018ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. ஒரு தொட்டி, ஓருயிர், ஒரு கணநேர இரக்கம். இவையே ஒரு நாட்டை நிரப்பப் போதுமானவை.

நம் ஏரிகளின் கரைகள் மண்ணால் ஆனவை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் மிகைநீர், சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கத்தை நோக்கிச் செல்கிறது. ஓர் ஏரியில் விட்டது ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை நடுவணரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்தும், அம்மீன் நம் நீர்நிலைகளை விட்டு அகலவில்லை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இங்கே என் பாட்டியாரை நினைக்கிறேன். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில், கிணற்றுநீரைத் துணியில் வடிகட்டியே அவர் பருகுவார். வடிகட்டிய பின், துணியை அந்நீரிலேயே மெல்ல அலசி, அலசிய நீரை வாளியில் ஏந்தி, கிணற்றுக்குள் இறக்கி, நீர்மட்டத்தில் கவிழ்ப்பார். "தோட்டத்தில் ஊற்றினால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "எந்தத் தண்ணீரில் பிறந்ததோ அந்தத் தண்ணீரில்தானம்மா அது பிழைக்கும்" என்றார். நம் முன்னோர் உயிரை விடுவதை மட்டும் கற்பிக்கவில்லை. அதற்குரிய நீரில் விடுவதையும் கற்பித்தனர். அந்தப் பின்பாதியை நான் மறந்துவிட்டேன்.

வாளியில் இருக்கும் ஓருயிர் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஏரியின் அடியில் உள்ள நத்தையும் தலைப்பிரட்டையும் தெரிவதில்லை. தெரியும் உயிருக்கு மட்டும் இரங்குவது எளிது. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சையை வரையறுக்கும்போது கவனமின்மையை அதனோடு பிணைத்து வைத்தது இதனாலன்றோ?

அப்படியாயின் அதைக் கொல்வதா? அதுவும் நமக்கு ஒவ்வாது. தொட்டியில் அடைத்து வைத்தலோ, கொல்லாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாகிய கட்டிவைத்தலைச் சாரும். வாங்கிய பின் எவ்வழியிலும் குற்றம் உண்டு. ஏரியில் பரவிய பின்னரோ, அவற்றைப் பிடித்து அழித்தாலும் கொலை. அழியாது விட்டாலும் பிற உயிர்களுக்குக் கொலை. கொலை கலவாத நேரம் ஒன்றே ஒன்றுதான். அது கடையில் நின்று, "வேண்டாம்" என்று சொல்லும் நேரம். ஜப்பானில் 2023 ஜூன் முதல், செங்கொடுக்குக் கிரேஃபிஷை வீட்டில் வளர்ப்போர் தொடர்ந்து வளர்க்கலாம். வெளியில் விடுதலும் விற்றலும் குற்றம். சட்டமும் ஈண்டு குறைந்த தீமையையே தேர்ந்துள்ளது.

நானும் அதையே தேர்ந்தேன். தொட்டி இப்போது என் வீட்டுத் திண்ணையறையில் உள்ளது. வேகவைத்த பட்டாணியும் கீரையும் இடுகிறேன். நீர் மாற்றும்போது பழைய நீரைக் கால்வாயில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுகிறேன். அதன் ஆயுள் முடியும்வரை இது என் கடன். நான் அன்று குளத்தில் விட்ட மீன்களுக்கு இது ஈடாகாது என்பதையும் அறிவேன்.

புனேயிலிருந்து அச்சிறுவன் தொலைபேசியில் நலம் கேட்கிறான். என்னை அன்று, அதனை. புதிய வீட்டிலும் தொட்டி வேண்டுமென்று தங்கை அழுதாளாம். "அது யாருடைய தண்ணீர் என்று முதலில் கேள் என்று சொன்னேன், பாட்டி" என்றான். வண்ணமீன் தொட்டி வைத்திருக்கும் நம் இல்லத்தாரும் அதனையே கேட்பாராக.