மூச்சு யாருடையது?

ஆத்மா அழிவற்றது என்று வேதாந்தம் முழங்குகிறது. அதை நம்புகிறவன் நோய்க்கு அஞ்சலாமா? முகத்தைத் துணியால் மூடிக்கொள்வது நம்பிக்கைக் குறைவின் அடையாளமாகாதா?

2020-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மும்பையில் ஊரடங்கு சற்றுத் தளர்ந்திருந்த நாட்களில், மாதுங்காவில் வசிக்கும் அன்பர் ஒருவர் தொலைபேசியில் இதைக் கேட்டார். "மஹராஜ், எனக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. வருவது வரட்டும் என்று பகவானிடம் விட்டுவிட்டேன். பிறகு எனக்கு எதற்கு முகக்கவசம்?" என்றார். அவர் நாள்தோறும் கீதை பாராயணம் செய்பவர், வீண்வாதத்திற்காகக் கேட்கவில்லை. ஆகவே அக்கேள்வி ஆராயத் தக்கது.

அஞ்சாமை எதுவரை?

1910-11-இல் மஞ்சூரியாவில் நுரையீரலைத் தாக்கும் பிளேக் நோய் பரவியது. பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் டே, அந்நோய் மூச்சுக்காற்றின் வழியே தொற்றுகிறது என்று உணர்ந்து, துணியும் பஞ்சும் கொண்ட முகக்கவசத்தை அணியும்படி வற்புறுத்தினார். மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்கவில்லை. முகத்தை மூடாமலே நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாட்களில், 1911 ஜனவரியில், அதே நோயால் மாண்டார்.

மெஸ்னியிடம் துணிவு இருந்தது. ஆனால் தொற்றுநோயில் ஒருவனது துணிவு அவனோடு முடிவதில்லை. போர்க்களத்தில் மார்பைக் காட்டி நிற்பவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான். தொற்றுக் காலத்தில் முகத்தை மூட மறுப்பவனோ, அருகில் நிற்பவனது உயிரையும் அவனைக் கேளாமலே பணயம் வைக்கிறான்.

'எனக்கு நோயில்லை' என்பதும் உறுதியான அறிவு அன்று. அறிகுறி ஏதுமில்லாதவர்களிடமிருந்தும் கொரோனாக் கிருமி பரவியது. பேசும்போதும் இருமும்போதும் வெளிப்படும் நீர்த்துளிகளைத் தடுத்து, எதிரில் இருப்பவரைக் காப்பதற்காகவே துணிக் கவசம் பெரிதும் பரிந்துரைக்கப்பட்டது. 'என்னை அறியாமலே நான் பிறருக்குத் தீங்கு செய்யக்கூடும்' என்று ஒப்புக்கொள்ளும் பணிவு அதை அணிவதில் இருக்கிறது.

இப்பணிவு நம் நாட்டிற்குப் புதிதன்று. மும்பைத் தெருக்களில், வாயில் வெள்ளைத் துணி கட்டி வெறுங்காலுடன் நடந்து செல்லும் ஸ்தானகவாசி, தேராபந்தி ஜைனத் துறவியரைப் பலரும் கண்டிருப்பார்கள். தங்கள் மூச்சாலும் பேச்சாலும் காற்றிலுள்ள சிற்றுயிர்களுக்கு ஊறு நேரக் கூடாது என்பதற்காக அவர்கள் அதை அணிகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிருக்கே இத்தனை கருணை என்றால், கண்ணெதிரே நிற்கும் மனிதனுக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டவர்கள்!

தாராவி நமக்குக் கற்பிப்பது

மாதுங்காவை அடுத்துள்ளது தாராவி. 2.5 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் பல லட்சம் மக்கள் வாழும் இடம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர்கள் பல தலைமுறைகளாக அங்கே இருக்கிறார்கள். 2020 ஏப்ரல் 1 அன்று அங்கு முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அடுத்த வாரமே, ஏப்ரல் 8 அன்று, மும்பை மாநகராட்சி பொது இடங்களில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. ஓர் அறையில் எட்டுப் பேர், ஒரு சந்துக்கு ஒரு பொதுக் கழிப்பறை என்று வாழ்பவர்களால் விலகி நிற்க இயலாது. அங்கே ஒருவர் விடும் மூச்சு அடுத்தவர் இழுக்கும் மூச்சு. வீடுவீடாகப் பரிசோதனை, காய்ச்சல் முகாம்கள், தனிமைப்படுத்தும் மையங்கள், முகக்கவசம் எனப் பலவும் சேர்ந்து அங்கே நோயைக் கட்டுப்படுத்தின. அந்த ஆண்டு ஜூலை 10 அன்று உலக சுகாதார அமைப்பின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகக் கூறினார்.

மாதுங்கா அன்பரிடம் கேட்டேன்: "உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் எங்கிருந்து வருகிறார்?"

"தாராவியிலிருந்து, மஹராஜ்."

"முகக்கவசம் அணிந்து வருகிறாரா?"

"அணியாவிட்டால் உள்ளே விடுவதில்லை."

"அவர் வேலை செய்யும் நேரத்தில் நீங்கள் அணிகிறீர்களா?"

அவரிடமிருந்து பதில் வரவில்லை.

அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. மாதுங்காவிலும் செம்பூரிலும் மட்டுமன்றி, நாடெங்கும் எத்தனையோ வீடுகளில் நடந்தது இதுதான். அந்த அம்மாளிடமிருந்து நம்மைக் காத்துக்கொண்டோம். நம்மிடமிருந்து அவரைக் காக்க நினைக்கவில்லை. நம் வீட்டில் ஒருவர் நோயுற்றால் ஒதுக்குவதற்குத் தனி அறை உண்டு. அவர் மாலையில் திரும்புவதோ குடும்பம் முழுவதும் படுத்துறங்கும் ஒற்றை அறைக்கு. எவருக்கு வசதி மிகுதியோ அவருக்குக் கடமையும் மிகுதி அல்லவா?

'நான் உடல் அல்ல' என்பது சாதகன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய உண்மை. பிறருடைய பசிக்கும் நோய்க்கும் அதைப் பதிலாகச் சொன்னால் வேதாந்தம் கல்நெஞ்சமாகிவிடும். தன் உடலில் பற்றின்மை துறவு. பிறர் உடல் குறித்துக் கவலையின்மை கொடுமை. 1898-இல் கல்கத்தாவில் பிளேக் அச்சம் பரவியபோது, ஆத்மாவின் அமரத்துவத்தை உலகிற்கு எடுத்துரைத்த சுவாமி விவேகானந்தர், நிவாரணப் பணிக்காகத் தேவையானால் மடத்திற்கென வாங்கிய நிலத்தையும் விற்கத் தயாரானார். மறு ஆண்டு சகோதரி நிவேதிதையும் சுவாமி சதானந்தரும் அந்நகரின் சேரிகளைச் சுத்தம் செய்யும் பணியை முன்னின்று நடத்தினார்கள்.

முகக்கவசத்தால் நாம் யாரைக் காத்தோம் என்பது நமக்கு ஒருபோதும் தெரியப் போவதில்லை. காக்கப்பட்டவருக்கும் தெரியாது. நன்றியும் இல்லை, புகழும் இல்லை. பலன் கருதாமல் செய்யும் கர்மத்திற்கு இதைவிட எளிய பயிற்சி ஏது?

மும்பையில் அந்தக் கட்டாயம் 2022 ஏப்ரலில் நீக்கப்பட்டது. அபராத அச்சம் போய்விட்டது. ஆனால் காசநோயும் சளிக்காய்ச்சலும் இன்றும் காற்றில்தான் பரவுகின்றன. இருமலோடு மின்சார ரயிலில் ஏறும்போதும், முதியவர் ஒருவரைக் காணச் செல்லும்போதும், யாரும் சொல்லாமலே நாம் முகத்தை மூடிக்கொள்வோமானால், எதிரில் இருப்பவருக்குள் உறையும் இறைவனுக்குச் செய்யும் சிறு பூஜையாக அது அமையும்.