உடலின் உயிர்த்தெழுதல்

இறந்தவர்கள் காலத்தின் முடிவில் உடலோடு எழுப்பப்படுவார்கள் என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் இதனை உடலின் உயிர்த்தெழுதல் என்று அறிக்கையிடுகிறது. கி.பி. 381ஆம் ஆண்டின் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு இணைத்துப் பேசப்படும் நைசீன் பிரமாணம் இறந்தோரின் உயிர்த்தெழுதல் என்கிறது. சாவுக்குப் பின்னும் ஆன்மா வாழும் என்ற நம்பிக்கை பல சமயங்களில் உண்டு. கிறிஸ்தவம் அதற்கும் மேலே சென்று, கடவுள் மீட்பது உடலும் உயிரும் சேர்ந்த முழு மனிதரை என்று கற்பிக்கிறது.

இந்த நம்பிக்கையின் வேர் யூத சமயத்தில் உள்ளது. எபிரேய வேதாகமத்தின் பழைய பகுதிகள் இறந்தோர் சேரும் பாதாளத்தைப் பற்றியே பெரிதும் பேசுகின்றன. அங்கிருந்து மீண்டெழுவது பற்றித் தெளிவாகச் சொல்வதில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கு யூதர்களைக் கொடுமைப்படுத்தியபோது ஒரு புதிய கேள்வி எழுந்தது. கடவுளின் சட்டத்தைக் கைக்கொண்டதற்காகவே கொல்லப்பட்டவர்களுக்கு நீதி எப்போது கிடைக்கும்? தானியேல் நூலின் 12ஆம் அதிகாரம் மண்ணில் உறங்குவோர் விழித்தெழுவர் என்று அதற்கு விடை சொல்கிறது. மக்கபேயர் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரத்தில் சித்திரவதைக்குள்ளாகும் சகோதரர் எழுவருள் ஒருவர், வெட்டப்படவிருக்கும் தம் கைகளைக் கடவுளிடமிருந்து திரும்பப் பெறும் நம்பிக்கையோடு நீட்டுகிறார். வதைக்கப்பட்டது உடல் என்பதால் நீதியும் உடலுக்கே கிடைக்க வேண்டும் என்பது இந்த நம்பிக்கையின் உட்பொருள். இயேசுவின் காலத்தில் இருந்த யூதக் குழுக்களில் பரிசேயர் இதை ஏற்றனர், சதுசேயர் மறுத்தனர்.

கிரேக்கச் சிந்தனை வேறு திசையில் சென்றது. பிளேட்டோவின் ‘ஃபீடோ’ உரையாடலில், சாவை எதிர்நோக்கும் சாக்ரடீஸ், ஆன்மா உடலிலிருந்து விடுபடுவதையே ஞானி விரும்பும் விடுதலையாகக் காண்கிறார். அந்தச் சூழலில் வளர்ந்தவர்களுக்கு உடல் மீண்டும் எழும் என்ற செய்தி விசித்திரமாகவே ஒலித்தது. ஏதென்ஸில் அப்போஸ்தலர் பவுல் இதைப் பற்றிப் பேசியபோது கேட்டவர்களில் சிலர் ஏளனம் செய்ததாக அப்போஸ்தலர் பணிகள் நூலின் 17ஆம் அதிகாரம் கூறுகிறது.

கிறிஸ்தவர்களின் நம்பிக்கைக்கு மையம் இயேசுவின் உயிர்த்தெழுதல். இயேசு எழுப்பிய லாசரு உயிர்பெற்று எழுந்தது பழைய வாழ்வுக்குத் திரும்பியதாகும். அவர் மீண்டும் இறக்க வேண்டியவரே. இயேசுவோ சாவு இனி தீண்டாத வாழ்வுக்குள் சென்றார் என்பது நற்செய்தி நூல்களின் சாட்சியம். அவற்றில் இரண்டு கூறுகள் அருகருகே நிற்கின்றன. லூக்கா 24ஆம் அதிகாரத்தில் இயேசு தம்மைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார், மீனை உண்கிறார். யோவான் 20ஆம் அதிகாரத்தில் தோமாவிடம் தம் காயங்களைக் காட்டுகிறார். அதே சமயம், எம்மாவு வழியில் உடன் நடந்த சீடர்கள் அவரை முதலில் அடையாளம் காணவில்லை. பூட்டிய கதவுகள் அவரைத் தடுக்கவில்லை. கல்லறை வெறுமையாகக் கிடந்தது, ஆயினும் எழுந்த உடல் முன்பிருந்தபடியே இல்லை. சிலுவையின் தழும்புகள் மறையாமல் இருந்தது குறிப்பிடத்தக்கது. மனிதர் பட்ட பாடுகளும் வாழ்ந்த வரலாறும் உயிர்த்தெழுதலில் அழிந்துபோவதில்லை என்பதை அவை உணர்த்துகின்றன.

உயிர்த்தெழுதலைப் பற்றிய மிகப் பழைய விரிவான விளக்கம் கி.பி. 50களின் நடுப்பகுதியில் பவுல் எழுதிய கொரிந்தியர் முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரம். தாம் பெற்றுக்கொண்ட மரபாக, கிறிஸ்து இறந்து, அடக்கம் செய்யப்பட்டு, மூன்றாம் நாள் எழுந்து, கேபா எனப்படும் பேதுருவுக்கும் பன்னிரு சீடர்களுக்கும் 500-க்கும் மேற்பட்ட சகோதரர்களுக்கும் தோன்றினார் என்று அவர் பதிவு செய்கிறார். எழும் உடல் எத்தகையது என்ற கேள்விக்கு அவர் விதையைக் காட்டுகிறார். விதைப்பதும் முளைப்பதும் ஒரே உயிரின் தொடர்ச்சி. ஆனால் முளைத்து வரும் பயிரின் உருவம் விதையின் உருவமன்று. அவர் ஆவிக்குரிய உடல் என்று சொல்வது ஆவியாலான, பருப்பொருளற்ற ஒன்றையன்று. தூய ஆவியால் இயக்கப்படும், அழியாமை பெற்ற உடலையே என்பது பல விவிலிய அறிஞர்களின் விளக்கம்.

2ஆம் நூற்றாண்டில் ஞானவாதக் குழுக்கள் பருப்பொருளைத் தாழ்ந்ததாகக் கருதி, உயிர்த்தெழுதலை அகத்தின் அறிவொளியாக மட்டும் விளக்கின. ஏறத்தாழ கி.பி. 180இல் லியோன் ஆயர் இரனேயு இதை எதிர்த்து எழுதினார். உடலுக்கு மீட்பு இல்லையென்றால் கடவுளின் மகன் உடலெடுத்ததற்கும், நற்கருணையில் தம் உடலையும் இரத்தத்தையும் தருவதற்கும் பொருளில்லை என்பது அவரது வாதம். இறையியலாளர் தெர்த்துல்லியனும் உடலின் உயிர்த்தெழுதல் பற்றித் தனி நூலே எழுதினார். இது ஏட்டோடு நின்ற விவாதமன்று. கி.பி. 177இல் லியோனில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், உயிர்த்தெழும் நம்பிக்கையையே முறியடிக்க எண்ணி, உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்ததாக திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு காத்துவைத்த கடிதம் சொல்கிறது.

சிதறிப்போன உடல் எப்படி அதே உடலாக எழும் என்பது அடுத்த சிக்கல். உடலின் பொருள் வாழும்போதே மாறிக்கொண்டிருக்கிறது, அதன் வடிவமே நிலைக்கிறது என்றார் பழங்கால இறையியலாளர் ஒரிஜென். மனிதர் தின்ற மனிதச் சதை யாருக்குச் சேரும் என்பதைக்கூட ஆயர் அகுஸ்தீன் ‘கடவுளின் நகரம்’ நூலில் ஆராய்ந்து, முதலில் உடையவருக்கே என்று தீர்த்தார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், ஆன்மாவே உடலின் உருக்கொடுக்கும் தத்துவம் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தைக் கையாண்டார். ஆன்மா மட்டும் தனித்து வாழ்ந்தால் முழு மனிதர் வாழ்வதாகாது என்பது அவர் கண்ட முடிவு.

20ஆம் நூற்றாண்டில் இந்த விவாதம் புதுப்பிக்கப்பட்டது. உயிர்த்தெழுதலை வரலாற்று நிகழ்வாகக் கொள்ளாமல், விசுவாசத்தைத் தூண்டும் அறிவிப்பாக இறையியலாளர் ருடால்ஃப் புல்ட்மன் விளக்கினார். ஆன்மாவின் அழியாமையும் உயிர்த்தெழுதலும் வேறுவேறு கருத்துகள் என்று இறையியலாளர் ஆஸ்கர் குல்மன் 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் வலியுறுத்தினார். விவிலிய அறிஞர் என். டி. ரைட் 2003இல் வெளியிட்ட பெருநூலில், முதல் கிறிஸ்தவர்கள் உண்மையான உடல் எழுச்சியையே அறிவித்தார்கள் என்று வாதிட்டார்.

கோட்பாட்டின் தாக்கம் வழக்கத்திலும் தெரிகிறது. அடக்கம் செய்வதையே பின்பற்றி வந்த கத்தோலிக்கத் திருச்சபை 1886இல் தகனத்தைத் தடை செய்தது. 1963இல் தடையைத் தளர்த்தியது. 2016இல் வெளியான அறிவுரையில், சாம்பலைத் தூவாமல் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்றது. எரிப்பதால் கடவுளின் வல்லமை குறைவதில்லை. உடலுக்குரிய மரியாதையே இங்கு பேணப்படுகிறது.

உரோமையர் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில் பவுல் படைப்பு முழுவதும் விடுதலைக்காகக் காத்திருப்பதாகக் கூறுகிறார். எனவே உயிர்த்தெழுதல் தனிமனிதரின் எதிர்காலத்தோடு முடிவதில்லை. பசித்தவருக்கு உணவிடுவது, நோயுற்றவரைப் பராமரிப்பது, வதைக்கப்பட்டவருக்காக நீதி கேட்பது, இறந்தவரை மரியாதையோடு அடக்கம் செய்வது ஆகிய அனைத்தும் கடவுள் கைவிடாத உடலுக்குச் செய்யும் பணிகள். உடலை இழிவாக எண்ணும் எந்தப் பக்தியும் இந்த விசுவாசத்தோடு பொருந்தாது.