பழைய முகம்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் சென்ற மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தான். பெண் யாரையாவது பார்த்து வைத்திருக்கிறானோ என்று ஆவலோடு பார்த்தால், அது ஒரு மோட்டார் காரின் படம். ஜப்பானிய மாஸ்டா கம்பெனி செய்த, இருவர் மட்டும் அமரக்கூடிய சிறிய வண்டி. 2000-ஆம் ஆண்டில் பிறந்த அந்த வண்டியின் முன்புறத்தை அப்படியே கழற்றிவிட்டு, அதே வண்டியின் முந்திய மாதிரிக்கு உரிய முகத்தைப் பொருத்தியிருக்கிறானாம். பானெட், இரண்டு மட்கார்டுகள், பம்பர், விளக்குகளை மேலே தூக்கும் சிறு மோட்டார்கள், அவற்றுக்கு வேண்டிய ஒயர்கள் என்று அவனுடைய சேமிப்பெல்லாம் அதில் கரைந்திருக்கிறது.

"மாமா, பொத்தானை அழுத்தினால் கண் விழிப்பது போல் விளக்கு எழுந்திருக்கும், அணைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். ஆனால் என் சிநேகிதர்கள் இதைப் போலி என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று முடித்திருந்தான்.

இப்படிக் கண் விழிக்கும் விளக்கு இன்று நேற்று வந்ததல்ல. 1936-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'கார்டு' என்ற காரில், உள்ளே இருக்கும் கைப்பிடிகளைச் சுழற்றினால் மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கும் விளக்குகள் வெளியே வரும். பிற்காலத்தில் இதற்கு வேறொரு தேவையும் சேர்ந்தது. விளக்கு தரையிலிருந்து இன்ன உயரத்துக்குக் குறையக்கூடாது, இன்ன அளவில்தான் இருக்கவேண்டும் என்றது அமெரிக்கச் சட்டம். வேகமாகப் போகும் வண்டிக்கோ மூக்கு தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டையும் சமாதானப்படுத்த, பகலில் பதுங்கி இரவில் எழும் விளக்கு கைகொடுத்தது. பிறகு சிறிய விளக்குகள் வந்துவிட்டன. நடந்து போகிறவர் மீது மோதினாலும் காயம் குறைவாகப் படவேண்டும் என்ற விதிகளும் வந்தன. 1989-இல் எழும் விளக்கோடு பிறந்த மாஸ்டா வண்டி, 1998-இல் நிலைத்த விளக்கோடு மறுபிறவி எடுத்தது. 2004-ஓடு பெரிய அளவில் தயாராகும் கார்களிலிருந்து அந்த விளக்கே மறைந்து போயிற்று. மறைந்துபோன ஒன்றின் மீதுதான் மனிதனுக்கு மோகம் பிறக்கிறது!

படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேனே தவிர, பதில் எழுத உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை. கொடைக்கானலில் பார்த்த ஒரு காரும், அதன் சொந்தக்காரரும் நினைவுக்கு வந்துவிட்டார்கள்.

2013-ஆம் ஆண்டுக் கோடையில், ஒரு நாவலை முடிப்பதற்காக நான் கொடைக்கானலில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். திரும்பும் நாளன்று பஸ்ஸில் இடம் இல்லை. பக்கத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர், வேலையாக வத்தலக்குண்டு போவதாகவும், தம்முடைய காரிலேயே வரலாம் என்றும் அழைத்தார். அறுபது வயதை நெருங்கியவர். வாசலில் வந்து நின்ற அம்பாசிடரைக் கண்டதும் நான் அசந்து போனேன். அலை அலையாகப் படுக்கை வாட்டில் கம்பிகள் ஓடும் அந்த முன் கிரில்லைச் சிறு வயதில் எங்கேயோ பார்த்தது.

"மார்க் ஒன்னாண்ணே?" என்று கேட்டேன்.

"மூஞ்சி மட்டும்தான் சார் மார்க் ஒன்னு. உடம்பு எண்பத்தெட்டாம் வருஷத்து மார்க் ஃபோரு" என்றார்.

கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலேயக் காரைப் பின்பற்றி 1950-களின் கடைசியில் செய்யத் தொடங்கிய வண்டி அம்பாசிடர். 2014-இல் உற்பத்தி நிற்கும் வரையில் அதன் உடற்கட்டு ஏறத்தாழ அப்படியே இருந்தது. அவ்வப்போது மாறியது பெரும்பாலும் முகம்தான். 1962-இல் மார்க் இரண்டு வந்தபோது அலைக் கம்பிகள் போய்க் கட்டம் போட்ட கிரில் வந்தது. ஆகவே பழைய முகத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டமே தவிர, பொருத்துவது அசாத்தியமல்ல. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்ததாகச் சொன்னார்.

வெள்ளி அருவியைத் தாண்டியதும் பனி மூட்டம் கவிந்துகொண்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்ல இறங்கினோம். எனக்கு அப்போது நாகசேனர் ஞாபகம் வந்தார். கிரேக்க அரசன் மிலிந்தனைப் பார்த்து அந்தப் பிக்கு கேட்டாராம்: "தேரில் வந்ததாகச் சொல்கிறாயே, சக்கரம் தேரா? அச்சு தேரா? நுகத்தடி தேரா?" எதுவுமே இல்லை, எல்லாம் சேர்ந்த சேர்க்கைக்குத் தேர் என்று பெயர், அவ்வளவுதான். பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் பழைய கப்பல்தானா என்று ஏதென்ஸ் நகரத்து அறிஞர்களும் வாதிட்டதாகப் புளூடார்க் எழுதியிருக்கிறார். இந்த விசாரணையில் மனம் லயித்தால் முடிவே கிடையாது. பெயர் என்பது இரண்டு பேருக்கு நடுவே உள்ள ஓர் உடன்பாடு. 'மார்க் ஒன்று' என்று நான் சொல்லும்போது எதிரே இருப்பவர் எதைப் புரிந்துகொள்கிறார், எதை நம்பிப் பணம் கொடுக்கிறார் என்பதில்தான் தர்மமும் அதர்மமும் தொடங்குகின்றன.

அது விரைவிலேயே என் கண் முன் நடந்தது. டம்டம் பாறை அருகே, தூரத்தில் தலையாறு அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும் இடத்தில், தேநீர் குடிக்க நிறுத்தினோம். பெரிய காரில் வந்திருந்த கனவான் ஒருவர் எங்கள் வண்டியை நாலு பக்கமும் சுற்றிவந்தார். பழைய கார்களைச் சேகரிப்பவராம். "அறுபதா, அறுபத்தொன்றா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல், "மூன்று லட்சம் தருகிறேன்" என்றார்.

மெக்கானிக் தேநீர்த் தம்ளரைக் கீழே வைத்தார். "வண்டி எண்பத்தெட்டு சார். மூஞ்சி மட்டும் பழசு. நானே மாத்துனது."

கனவானின் முகம் சுருங்கிவிட்டது. நன்றி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அவர் பானெட்டைக்கூடத் திறந்து பார்க்கலையேண்ணே! கொஞ்ச நேரம் பேசாம இருந்திருக்கலாமே?" என்றேன். அப்படிச் சொன்னவன் நான்தான் என்பதை வெட்கத்தோடு இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"அவரு கேட்டது வருஷத்தை இல்லையா சார்? மூஞ்சிக்கு ஒரு வருஷம், வண்டிக்கு ஒரு வருஷம். காசு குடுக்குறது வண்டிக்குத்தானே?" என்றார் அவர்.

நாலைந்து வளைவுகள் பேச்சில்லாமல் கழிந்தன. பிறகு அவராகவே தொடங்கினார்:

"ஒருத்தர்கிட்ட மட்டும் பொய் சொல்லியிருக்கேன் சார். எங்கப்பாகிட்ட."

அவருடைய தகப்பனார் தாண்டிக்குடிப் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டக்காரரிடம் டிரைவராக இருந்தவர். அந்த 1960-ஆம் வருஷத்து அம்பாசிடரைத் தினமும் துடைத்துப் பளபளப்பாக்குவது சிறுவனாக இருந்த மெக்கானிக்கின் வேலை. கடைசிக் காலத்தில் தகப்பனாருக்கு நினைவு தப்பிவிட்டது. மகனுடைய வண்டியில் ஏறச் சொன்னால், "யார் வண்டிடா இது? அடுத்தவன் வண்டியில ஏறலாமா?" என்று மறுத்து, வைத்தியரிடம் போவதற்கே வழியில்லாமல் செய்தார். முகத்தை மாற்றிய பிறகு ஒருநாள் வண்டியின் முன் வெகுநேரம் நின்றார். "நம்ம வண்டிதானேடா?" என்று கேட்டார். மகன், "ஆமாப்பா, அதே வண்டிதான்" என்றார். கிழவர் தாமே கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். அடுத்த இரண்டு ஆண்டுகள், சாகும் வரையில், ஒரு தடவைகூட மறுக்கவில்லையாம்.

கேட்கிறவரிடம் உண்மையான ஆண்டைச் சொல்லிவிட்டால் பழைய முகத்தில் குற்றமில்லை என்று நான் அதற்குள் ஒரு சூத்திரம் கட்டி வைத்திருந்தேன். அது உடைந்துவிட்டது. இந்த மனிதர் ஊர் பேர் தெரியாதவரிடம் உண்மை பேசினார். பெற்ற தகப்பனிடம் பொய் பேசினார். இரண்டுமே சரியென்று என் மனம் சொல்கிறதே, எப்படி?

வத்தலக்குண்டு வருவதற்குள் ஒன்று புலப்பட்டது. உண்மை சொன்னதில் அவருக்கு மூன்று லட்சம் நஷ்டம். பொய் சொன்னதில் இரண்டு ஆண்டு அலைச்சலும் கைப்பணமும் நஷ்டம். இரண்டு இடத்திலும் செலவு அவருடையது, லாபம் அடுத்தவருடையது. வாய்மையைப் பற்றிப் பேச வந்த வள்ளுவரும் குற்றமற்ற நன்மைக்கென்று ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். ஆனால் அந்த வாசலில் நுழைகிறவன் தன் மடியைச் சோதித்துக்கொண்டு நுழைய வேண்டும். முகமூடியால் வரும் ஆதாயம் தன் மடியில் விழுமானால், அது ஏமாற்று.

மருமகனுக்கு இதையே எழுதினேன். "நம் நாட்டில் இப்படிச் செய்வதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும், தயாரித்தவர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியிருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தை நீ பார்த்துக்கொள். மற்றபடி, உன் கண்ணுக்காக நீ மாற்றிய முகம் உன் சந்தோஷம். அதைப் போலி என்பவர்களுக்குப் பொழுது போகவில்லை. விற்கிற அன்றைக்கு மட்டும், வாங்குகிறவர் கேட்பதற்கு முன்பே, வண்டி பிறந்த ஆண்டைச் சொல்லிவிடு."

உபதேசம் செய்து முடித்து நிமிர்ந்தபோது, மேஜை மேல் என் புதிய நாவல் கிடந்தது. பின்னட்டையில் என் புகைப்படம். தலை நிறையக் கறுத்த முடி. பதினைந்து வருஷத்துக்கு முந்திய படம். பதிப்பாளர் புதுப்படம் கேட்டபோது, "அதுவே இருக்கட்டும்" என்றவன் நான்தான். யாருடைய நன்மைக்காக அந்தப் பழைய முகத்தை மாட்டிக்கொண்டேன்? எவ்வளவு யோசித்தும், என்னைத் தவிர வேறு ஒருவர் பெயரும் அகப்படவில்லை.

அடுத்த பதிப்பில் படத்தை மாற்றுங்கள், இல்லையேல் படத்துக்கு அடியில் அது எடுத்த வருஷத்தையாவது போடுங்கள் என்று பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். வருஷம் போட்டால் வாசகர்கள் சிரிப்பார்கள் என்கிறார் அவர். சிரிக்கட்டுமே!