தேடிப் போகிறவர்கள் கேட்பதில்லை

1962 மே 24 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கார்பென்டர் பூமியை மூன்று முறை சுற்றிவிட்டு, அரோரா 7 கலத்தில் அட்லாண்டிக் கடலில் வந்து இறங்கினார். மீட்புக் கப்பல்கள் காத்திருந்த இடத்தை ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தாண்டியிருந்தார். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே சற்று நேரம் அந்நாட்டு மக்களுக்குத் தெரியவில்லை. அவரோ, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்த கலத்தின் மூக்குப் பகுதி வழியாக வெளியேறி, ரப்பர் மிதவையில் காத்திருந்தார். தேடி வந்த விமானத்திலிருந்து இரண்டு வீரர்கள் பாராசூட்டில் குதித்து அவரிடம் நீந்திச் சேர்ந்தார்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்குப் பிறகு ஹெலிகாப்டர் அவரைத் தூக்கிக்கொண்டு இன்ட்ரெபிட் விமானந்தாங்கிக் கப்பலுக்குப் போனது. கலத்தை அதற்குப் பிறகே ஒரு போர்க்கப்பல் வந்து எடுத்தது. முதலில் ஆள், பிறகு பொருள். இயல்பாகத் தோன்றும் இந்த வரிசையில் ஓர் அறக்கொள்கை இருக்கிறது: காப்பாற்றப்படும் உரிமை, ஒருவர் தம் வேலையைச் சரியாகச் செய்தாரா என்பதைப் பொறுத்ததல்ல.

1968இல் உருவான விண்வெளி வீரர் மீட்பு உடன்படிக்கை இதையே சட்டமாக்கியது. விபத்தோ, ஆபத்தோ, எண்ணாத இடத்தில் இறங்கலோ, எதுவானாலும் இறங்கியவரை மீட்டு, பத்திரமாக, தாமதமின்றித் திருப்பி அனுப்ப வேண்டும். தவறு யாருடையது என்று அது கேட்கவில்லை. பொருளுக்கு மட்டும் வேறு கணக்கு: அனுப்பிய நாடு கேட்டால்தான் திருப்பித் தர வேண்டும், மீட்புச் செலவும் அந்த நாட்டையே சேரும். ஆளை மீட்கும் செலவுக்கு அப்படி ஒரு விதியே இல்லை. பனிப்போர்க் காலத்தில் இரு வல்லரசுகளும் தத்தம் ஆட்களைத் திரும்பப் பெறச் செய்துகொண்ட ஏற்பாடுதானே, இதில் அறம் எங்கே என்று கேட்கலாம். சுயநலம் இருந்தது உண்மை. ஆனால் சுயநலம் மட்டுமே பேசியிருந்தால், தொழில்நுட்ப இரகசியங்கள் நிறைந்த கலத்துக்கல்லவா முதலிடம் கிடைத்திருக்கும்? பேரம் பேசவே கூடியவர்களும் மனித உயிரைப் பேரத்துக்கு வெளியே வைத்தார்கள்.

மீட்பவர்களிடம் இவ்வளவு தெளிவாக இருக்கும் இந்தப் பார்வை, தீர்ப்புச் சொல்பவர்களிடம் மங்கிவிடுகிறது. கார்பென்டரைக் குறை சொன்னவர்கள் அந்த 400 கிலோமீட்டரையே அவருடைய குற்றத்தின் அளவாகக் கொண்டார்கள். பயணத்தைத் தரையிலிருந்து இயக்கிய கிறிஸ் கிராஃப்ட் 2001இல் வெளியிட்ட நினைவுநூலிலும் அவரைக் கடுமையாகவே சாடினார். ஆனால் அந்தத் தூரத்தைப் பிரித்துப் பார்த்த ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. வேகம் குறைக்கும் ராக்கெட்டுகள் எரிந்தபோது கலம் ஏறத்தாழ 25 பாகை பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அதனால் சுமார் 280 கிலோமீட்டர். ராக்கெட்டுகள் தாமாக எரியாததால் அவர் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது, அந்த மூன்று விநாடித் தாமதத்தால் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ராக்கெட்டுகளின் உந்துவிசையே குறைவாக இருந்ததால் இன்னொரு 100 கிலோமீட்டர்போல. கடைசிப் பங்கில் எந்த மனிதக் கையும் இல்லை. முதல் பங்கில் கருவிப் பழுதும் மனிதச் செயலும் கலந்திருக்கின்றன. அடிவானத்தைப் பார்த்துக் கலத்தின் சாய்வைக் கணிக்கும் கருவி பழுதாகி இருந்தது. கூடவே, திரும்ப ஆயத்தமாக வேண்டிய கடைசி நிமிடங்களை அவர் வேறொன்றில் செலவிட்டிருந்தார். விண்வெளி வீரர் ஜான் கிளென் முந்தைய பயணத்தில் கண்டு வியந்த ஒளித்துகள்கள், கலத்தின் சுவரில் ஒட்டிய உறைபனியே என்பதைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தவர் கார்பென்டர்தான். அந்த ஆர்வம் அவருடைய வேலையின் ஒரு பகுதி. ஆனாலும் எரிபொருளை அளவுக்கு மீறிச் செலவழித்ததற்கு அவர் பதில் சொல்லத்தான் வேண்டும்.

பழியை அளக்கும்போது விளைவை இப்படி ஒதுக்கிவிட்டால் பொறுப்பு என்ன ஆகும் என்பதே வலுவான மறுப்பு. அவரைத் தேட விமானங்களும் கப்பல்களும் அலைந்தன, இருவர் நடுக்கடலில் குதித்தார்கள். அவர்களுக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால்? இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விளைவு நமக்குக் கடமையைத் தருகிறது: நடந்ததை மறைக்காமல் சொல்வது, மறுமுறை நேராமல் திருத்துவது, வந்தவர்களுக்கு நன்றிக்கடன்படுவது. பழியின் அளவை மட்டும் அது தீர்மானிக்க முடியாது. திருக்குறள் ஊழுக்குத் தனி அதிகாரமும் ஆள்வினையுடைமைக்குத் தனி அதிகாரமும் வைத்தது. ஒன்றின் கணக்கில் மற்றதை எழுதவில்லை. குற்றம் பார்க்காமல் காப்பாற்றினால் அலட்சியம் வளரும் என்ற அச்சமும் பொருந்தாது. மீட்பு மன்னிப்பல்ல, விசாரணை மறுநாள் நடக்கலாம், நடக்கவும் வேண்டும்.

1965இல் ஜெமினி 5 கலமும் குறித்த இடத்துக்கு வராமல் நூறு கிலோமீட்டருக்கும் மேல் முன்னதாகவே கடலில் இறங்கியது. பூமி தன்னைத்தானே சுற்றும் வேகம் கணினியில் தவறாகப் பதிவாகியிருந்ததே காரணம். பிழை தரையில் இருந்தது என்பது தெளிவாகத் தெரிந்ததால் வீரர்கள்மேல் பழி விழவில்லை. அவர்களில் ஒருவரான பீட் கான்ராட் 1969இல் நிலவில் நடந்தார். கார்பென்டரோ மீண்டும் விண்வெளிக்குப் போகவில்லை, 1964 விபத்தில் கை அடிபட்டதும் அதற்கு ஒரு காரணம். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய நியாயமான கேள்வி எரிபொருளைப் பற்றியது. கப்பலின் கண்ணெதிரே அவர் துல்லியமாக இறங்கியிருந்தாலும் அதே கேள்வியை, அதே குரலில் கேட்டிருப்பார்களா?