ஓய்வின் கணக்கு

நாற்பத்தைந்தாவது வயதில் வேலையை விட்டுவிட்டு எழுதப்போவதாக நண்பர் ஒருவர் நோட்டில் கணக்குப் போட்டுவருகிறார். வருஷச் செலவைப்போல் 25 மடங்கு சேர்ந்தால் போதும் என்கிறார். 1994இல் வில்லியம் பெங்கன் அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களிலிருந்து கண்ட விதி இதற்கு ஆதாரம்: முதல் வருஷம் 4 சதவிகிதம் எடுத்து, பின்னர் விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டுபோனாலும் மூலதனம் 30 வருஷம் தாங்கும். நாற்பத்தைந்தில் விலகுகிறவனுக்கு 30 வருஷம் போதுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும்.

கணக்கில் ஓர் உண்மை உண்டு. விடுதலையின் விலையைத் தீர்மானிப்பது சம்பளம் அல்ல, தேவை. மாதம் ஆயிரம் ரூபாய் தேவை குறைந்தால், திரட்டவேண்டியதில் மூன்று லட்சம் குறைகிறது. துறவிகள் சொன்னதுதான், வட்டிக் கணக்கில்.

ஆனால் எழுத்து? சார்ல்ஸ் லாம் கிழக்கிந்தியக் கம்பெனியில் 33 வருஷம் குமாஸ்தா. 1825இல், ஐம்பதாவது வயதில், ஓய்வூதியத்துடன் விடுபட்டார். ‘எலியா’ கட்டுரைகளின் முதல் தொகுதி 1823இலேயே வந்துவிட்டது. மேஜையை வெறுத்தவருக்கு, மேஜை போனபின் ஓய்வும் பாரமாயிற்று. இதனால் மேஜைக்குப் பெருமை சேராது. அது மனிதனைத் தின்பது நிஜம்.

என் பயம் வேறு. இருபது வருஷம் ஒத்திப்போட்டுப் பழகியவன் ஒத்திப்போடுவதில்தான் தேர்ச்சி பெறுகிறான். பணத்தைச் சேமிக்கலாம், கவனத்தைச் சேமிக்க முடியாது. செலவழிக்காவிட்டால் அது வற்றிவிடும்.

நண்பர் கடைசியாகக் கவிதை எழுதி ஆறு வருஷமாகிறது. நோட்டில் அதற்குப் பத்தி இல்லை. அவரை எப்படிக் குறை சொல்வேன்? என்னிடம் நோட்டும் இல்லை.