மீதி அரைப்பங்கு

ஆசிரியர் சொல்வதை மாணவன் ஒரு சொல் சிந்தாமல் வாங்கிக்கொண்டாலும் அவனுக்குத் தேறுவது கால் பங்குதான் என்று கணக்குச் சொன்னவர் பவணந்தி முனிவர். கூடப் படிப்பவர்களோடு பேசிப் பழகுவதில் இன்னொரு கால் வரும். மிச்சம் அரைப்பங்கு? கற்றதைத் தானே இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் அது வந்து சேரும். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற கங்க அரசன் கேட்டுக்கொண்டதற்காக அவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. இலக்கணத்துக்குள் நுழையும் முன்பே, ஆசிரியன் எப்படிப்பட்டவன், பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்பதையெல்லாம் அவர் பேசிவிடுகிறார்.

பெருந்துறை பக்கத்துச் சீனாபுரம்தான் அவருடைய ஊர் என்று கொங்கு நாட்டில் சொல்வார்கள். கன்னட நாட்டுக்காரர் என்பாரும் உண்டு. எது எப்படியோ, அவர் சமணர்; அந்த வட்டாரத்தில் சமணம் செழித்திருந்ததற்கு விஜயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயில் இன்றும் சாட்சியாக நிற்கிறது.

பவணந்தியின் கணக்கை இன்றைய ஆசிரியப் பயிற்சியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோவையிலோ ஈரோட்டிலோ தமிழாசிரியராக விரும்புகிறவர் பட்டப்படிப்பை முடித்து, இரண்டாண்டு பி.எட். படிக்கிறார். அதில் 20 வாரம் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுக்கிறார். 2012 முதல் ‘டெட்’ என்ற ஆசிரியர் தகுதித் தேர்வும் உண்டு. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற நான்கு திறன்களையும் கற்பிக்கும் முறை அவருக்குப் பாடமாகவே இருக்கிறது. நான்காவது திறனில் அவர் சொந்தமாக என்ன எழுதியிருக்கிறார் என்பதுதான் கேள்வியாகவே வருவதில்லை.

அதன் விளைவு எட்டாம் வகுப்புக் கட்டுரை ஏட்டில் தெரியும். தலைப்பு ‘நீரின்றி அமையாது உலகு’. கரும்பலகையில் குறிப்புச் சட்டகம்: முன்னுரை, நீரின் இன்றியமையாமை, நீர்நிலைகள், மழைநீர்ச் சேகரிப்பு, முடிவுரை. நாற்பது ஏடுகளிலும் ஒரே முன்னுரை. நொய்யல் ஆற்றோரத்து வீட்டிலிருந்து வரும் பிள்ளையின் ஏட்டில் நொய்யல் இல்லை. சிவப்பு மையில் எழுத்துப்பிழை திருத்தப்பட்டிருக்கும். சொல்ல வந்தது என்ன என்று யாரும் கேட்ட தடம் இருக்காது. ஆசிரியர் சோம்பேறி அல்ல. அவருக்கும் அப்படித்தான் சொல்லித்தரப்பட்டது.

இங்கேதான் பழைய கேள்வி ஒன்று எழுகிறது. கற்பிக்கும் தகுதி ஒருவருக்கு வெளியிலிருந்து கொடுக்கப்படுவதா, உள்ளிருந்து வருவதா? சமணத்தில் தானம் நான்கு: உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம். பசித்தவனுக்குச் சோறு போடுவதும் அறியாதவனுக்கு நூல் சொல்வதும் ஒரே வரிசை. பவணந்தியும் பாடம் சொல்வதை ‘ஈதல்’ என்றே குறிப்பிடுகிறார். ஈகைக்குச் சான்றிதழ் எதற்கு என்று இதைக் கேட்டவுடன் தோன்றும்.

முனிவர் அப்படி விட்டுவிடவில்லை. நல்ல மனம் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆசிரியராகத் தகாதவருக்கு அவர் சொல்லும் உவமைகளில் இரண்டு போதும். ஒன்று கழற்சிக்காய் போட்ட குடம்: போட்ட வரிசை ஒன்று, கவிழ்த்தால் விழும் வரிசை வேறு. மற்றொன்று பஞ்சு அடைத்த குண்டிகை: உள்ளே திணிப்பதும் பாடு, வெளியே எடுப்பதும் பாடு. இரண்டும் முறையில் உள்ள குறைகள், பயிற்சியால் திருத்தக்கூடியவை. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை நம் ஆயத்தக்குறைவுக்கு விலை கொடுக்கக் கூடாது என்ற நியாயம் இதில் இருக்கிறது. பி.எட்.டுக்கும் அந்த நியாயம்தான் அடிப்படை.

ஓர் இடத்தில் முனிவரை ஏற்கவே முடியாது. நல்லாசிரியருக்கு வேண்டியவற்றை அடுக்கும்போது அவர் முதலில் வைப்பது குலம். அருளும் கடவுள் நம்பிக்கையும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. தேர்வு எண் யாருடைய பிறப்பையும் கேட்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே சான்றிதழ் என்ற காகிதத்தை மதிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கரும்பலகை முன்னால் வந்து நின்றது அந்தக் காகிதத்தோடுதான்.

குருவருளும் மதிப்பெண் பட்டியலும் ஒரே கூரையின்கீழ் இருக்க முடியும் என்பதற்குக் கோவைக்குப் பக்கத்துப் பேரூரே எடுத்துக்காட்டு. சைவ மடம் ஒன்று 1953-இல் அங்கே தொடங்கிய சாந்தலிங்க அடிகளார் தமிழ்க் கல்லூரியில் படித்தவர்கள் கொங்குப் பகுதிப் பள்ளிகளில் தமிழாசிரியர்களாக இருந்திருக்கிறார்கள்.

அப்படியானால் மீதி அரைப்பங்கை எங்கே தேடுவது? கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1974-இல் ஜேம்ஸ் கிரே என்ற ஆசிரியர் தொடங்கிய எழுத்துப் பயிற்சித் திட்டம் கிட்டத்தட்ட பவணந்தியின் கணக்கிலேயே நடந்தது. எழுதக் கற்பிப்பவர் முதலில் எழுத வேண்டும். ஆசிரியருக்கு ஆசிரியரே பாடம் சொல்ல வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளி ஆசிரியர்கள் கூடி, தாங்கள் எழுதியதை ஒருவருக்கொருவர் படித்துக்காட்டினார்கள். நம் பி.எட். வகுப்பில் பாடக்குறிப்பு எழுதும் நேரத்தில் வாரம் ஒரு மணியை இதற்கு ஒதுக்கினால் பெரிய செலவு எதுவும் ஆகாது. தான் எழுதிய ஒரு பக்கத்தை இன்னொருவர் முன் படித்துக் கூசியவர், பிள்ளையின் ஏட்டில் சிவப்பு மையை வேறு விதமாகத்தான் வைப்பார்.

எழுதுகிறவரும் தரம் சொல்கிறவரும் ஒருவராகவே இருப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஈரோட்டுக்குப் பக்கத்தில் அறச்சலூர் நாகமலையில், கற்படுக்கைகள் உள்ள குகை ஒன்றில், ஏறத்தாழ 1,700 ஆண்டுக்கு முந்தையது என்று கணிக்கப்படும் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. புலவர் செ. இராசு கண்டறிந்தது. வரிக்கு ஐந்தாக ஐந்து வரி. தகர வரிசை எழுத்துகளால் ஆன தாளக்கட்டு. இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும், திருப்பிப் படித்தாலும் ஒன்றே வரும். எழுத்துகளை அப்படிக் கோத்தவன் தன் பெயரையும் பக்கத்திலேயே வெட்டி வைத்திருக்கிறான்: தேவன் சாத்தன். பெயரோடு தொழிலையும் சேர்த்திருக்கிறான். அவன் வண்ணக்கன், மணிகளைச் சோதித்துத் தரம் சொல்கிறவன்.