ஓடாத காடிக்கு எதற்கு சர்வீஸ்?

நண்பர்களே, ஒரு கேள்வி. விலை உயர்ந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காடி. இரண்டு வருஷத்தில் ஓடியது வெறும் 4,100 கிலோமீட்டர். மற்ற நாளெல்லாம் துணி போர்த்தி வீட்டில் தூங்கியது. அதன் பிரேக் ஆயிலை மாற்ற வேண்டுமா, வேண்டாமா?

"இதுக்கு ஏன் இளைஞர் இதழ்ல கட்டுரை?" என்று நினைப்பீங்க. இந்தக் கேள்வியால் நான் ஓர் அண்ணனை இழந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இயந்திரப் பொறியியல் மாணவன். தொழிற்பயிற்சிக்கு எங்கள் புக்கிட் தெங்கா பக்கத்திலேயே ஒரு பட்டறை கிடைத்தது. ஜூரு ஆட்டோ சிட்டியின் கண்ணாடிக் கடைகளைப் பார்த்திருப்பீங்க. அந்த மாதிரி இடம் இல்லை இது. தொழிற்பேட்டை ஓரத்தில் இரண்டு லோட். ஆனால் வாரன்டி முடிந்த பெரிய பெரிய காடிகள் அங்கே வரும். பக்கத்து கூலிமில் 2022 முதல் போர்ஷே கெய்ன் பொருத்துகிறார்கள், ஐரோப்பாவுக்கு வெளியே அந்த நிறுவனத்துக்கு அதுதான் முதல் பொருத்து ஆலை. அதைக் கேட்டதிலிருந்தே எனக்கு இந்தக் காடிகள் மேல் ஒரு பைத்தியம்.

சர்வீஸ் புத்தகத்தில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று கிலோமீட்டர், மற்றது காலம். எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. ஃபெராரி தன் புதுக் காடிகளுக்குத் தரும் 7 ஆண்டுப் பராமரிப்புத் திட்டத்தில் 20,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு என்று இருக்கிறது. ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை வரணும். முதலில் எனக்கு இது காசு பிடுங்கும் வேலையாகத்தான் பட்டது. பிறகுதான் காரணம் புரிந்தது. சும்மா நிற்கும் காடியை அவ்வப்போது ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் இன்ஜின் சரியாகச் சூடேறாது. உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலக்கும். ரப்பரும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிழடாகும். 1994-இல் வந்த ஃபெராரி எஃப்355-இல் டைமிங் பெல்ட்டை மாற்றவே இன்ஜினைக் கீழே இறக்கணும். செலவுக்குப் பயந்து தள்ளிப் போட்டு, பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இன்ஜினே போய்விடும்.

பிரேக் ஆயில் கதை இன்னும் நுட்பம். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம். சுமார் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கெந்திங் மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வரலாம். ஆயில் கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், காடி நிற்காது. எவ்வளவு ஓடியது என்று பார்க்காமல் 2 ஆண்டு என்று கெடு வைப்பது அதற்காகத்தான்.

சீனப் பெருநாளுக்கு முந்திய வாரம். பட்டறை நிரம்பி வழிந்தது. அந்த 4,100 கிலோமீட்டர் காடியை என்னிடம் விட்டார் ஃபோர்மன் அண்ணன். எனக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், மத்தியானம் தன் சோற்றில் பாதியைத் தருகிறவர். பட்டியலில் பிரேக் ஆயில் வந்தபோது டப்பாவைப் பார்த்தார். "பொன்னு மாதிரி இருக்குடா தம்பி. இது ஓடவே இல்ல. டிக் போட்டு அனுப்பு, பின்னால எட்டு காடி நிக்குது." போட்டேன். பில்லிலும் அது ஏறியது.

சாயங்காலம் சாவி வாங்க வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார், பெருநாளுக்கு அம்மாவை கெந்திங் கூட்டிப் போகிறாராம். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. காலையில் அண்ணனிடம் சொன்னேன், "விடுடா" என்றார். தவுக்கேயிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் போனை எடுத்து அந்தக் காடியைத் திரும்ப வரவழைத்தார்.

இங்கேதான் சிக்கல். மாற்றுவதற்கு முன் ஈரம் பார்க்கும் கருவியை விட்டுப் பார்த்தோம். பச்சை விளக்கு. ஒரு விழுக்காடு தண்ணீர்கூட இல்லை. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப என்னா சொல்ற?"

அன்றைக்கு எனக்குப் பதில் வரலை. இப்போது கொஞ்சம் வருகிறது. அண்ணன் கணித்தது சரி. ஆயில் நல்லாத்தான் இருந்தது. ஆனால் நான் போட்ட டிக் ஆயில் நல்லா இருக்கு என்று சொல்லவில்லை, மாற்றினேன் என்று சொன்னது. அது என் கையைப் பற்றிய பொய். கருவியை முதலிலேயே விட்டு, "சோதித்தோம், மாற்றவில்லை" என்று எழுதி, காசும் வாங்காமல் இருந்திருந்தால் யாருக்கும் குறையில்லை. மூன்று நிமிஷ வேலை. அதைக்கூட நான் செய்யலை.

கெடு என்பது சாஸ்திரம் இல்லை என்பதும் உண்மைதான். குளிர் நாட்டுக்கும் நம் புழுக்கத்துக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? ஆனாலும் கெடு வந்தால்தான் மூடியைத் திறந்து பார்க்கிறோம். கோயிலில் 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்து, பீடத்தையும் சிலையையும் பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தைப் புதுப்பிக்கிறோம். விரிசல் கண்ணுக்குத் தெரியட்டும் என்று காத்திருப்பதில்லை. புதுக் காடிக்குப் பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குகிற நாம், அடுத்த சர்வீஸ் தேதியை மறந்துபோவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. (எங்க அப்பாவின் மைவிக்கு பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று வீட்டில் யாருக்கும் தெரியலை. நானும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன்.)

ஒழுங்காகச் செய்த பராமரிப்பின் பலன் என்ன? ஒன்றும் நடக்காது. அந்த அம்மா கெந்திங் போய்விட்டு வீடு திரும்புவார், அவ்வளவுதான். டிக்கை மட்டும் போட்டிருந்தாலும் அன்றைக்கு அதேதான் நடந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்தவர்கள் நானும் அண்ணனும் மட்டும்தான்.

அண்ணனைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனசு வரலை. எட்டு காடி நின்றது நிஜம். அவரிடம் இன்னொரு தடவை உட்கார்ந்து பேசிவிட்டு தவுக்கேயிடம் போயிருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது. மிச்சமிருந்த மூன்று வாரமும் வேலை தவிர வேறு வார்த்தை அவர் பேசலை. சோறும் தனியாகத்தான். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினேன். படித்திருக்கிறார். பதில் இன்னும் வரலை.